செவுளால் பெயர் பெற்ற சிப்பிகள்

சிப்பி, மட்டி, ஆளி முதலிய உயிர்கள் பழைய விலங்கியல் நூல்களில் 'லாமெல்லிபிராங்கியா' என்னும் வகுப்பின்கீழ் விவரிக்கப்பட்டிருக்கும். வேறு சில நூல்களில் அவற்றுக்கே 'பெலிசிபோடா' என்ற பெயர் தரப்பட்டிருக்கும். இன்றைய நூல்களோ 'பைவால்வியா' என்ற ஒரே பெயரைக் கையாளுகின்றன. மூன்றும் ஒரே விலங்குத் தொகுதியைச் சுட்டும் பெயர்கள்தாம். ஆயினும், ஒரு பெயரை விட்டு மற்றொரு பெயரை ஏற்றதற்குப் பின்னால் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக்காலத்து உடற்கூற்று ஆய்வும் புதைபடிவ ஆய்வும், அறிஞர்களுக்கு இடையிலான நீண்ட கருத்து வேறுபாடும் இருக்கின்றன. அந்த வரலாற்றில் வியப்புக்குரியது, இறுதியில் நிலைபெற்ற பெயர் மிகவும் பழையதாகவும், உயிரின் உட்கூறு எதையும் உணர்த்தாததாகவும் இருப்பதே.

மெல்லுடலிகள் எனப்படும் பெருந்தொகுதியில் நத்தைகளுக்கும் கணவாய்களுக்கும் உறவினராக அமைந்த இவ்வுயிர்களைத் தமிழில் ஈரோட்டுடலிகள் என்று குறிப்பிடலாம். கடலிலும் கழிமுகத்திலும் நன்னீரிலுமாக இன்று வாழும் இனங்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை. உடலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வோர் ஓடு மூடியிருக்க, இரண்டும் முதுகுப்புறத்தில் ஒரு கீலால் இணைந்திருக்கின்றன. கீலை ஒட்டியுள்ள மீள்தன்மை கொண்ட இணைப்புத்தசைநார் ஓடுகளைத் திறக்க முயன்றுகொண்டே இருக்கும். உள்ளிருக்கும் மூடுதசைகள் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். உயிர் போனதும் தசையின் பிடி தளர்ந்து ஓடுகள் தாமே விரிந்துகொள்வதற்குக் காரணம் இதுவே. சமையலுக்கு வாங்கும்போது வாய் பிளந்து கிடக்கும் மட்டியைக் கழித்துவிடும் வழக்கமும் இதனை அடிப்படையாகக் கொண்டது. ஓட்டைச் சுரப்பது, உடலை இருபுறமும் போர்த்தியிருக்கும் மென்போர்வை என்னும் சவ்வு. மற்ற மெல்லுடலிகளில் உணவைச் சுரண்டுவதற்குப் பெரும்பாலும் காணப்படும் அரம் போன்ற நாக்கு இவற்றுக்கு இல்லை. தனித்து அறியத்தக்க தலையும் இல்லை.

இரண்டு ஓடுகளைக் கொண்டு இவற்றை வகைப்படுத்தும் முறை மிகத் தொன்மையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் ஓடுடைய கடலுயிர்களை ஓரோடு உடையவை, ஈரோடு உடையவை, சுருளோடு உடையவை என்று பிரித்துக் காட்டியிருந்தார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மருத்துவர் மார்ட்டின் லிஸ்டர், தம் மகள்கள் சூசன்னாவும் அன்னாவும் வரைந்த செப்புத்தகட்டுப் படங்களோடு சிப்பி, சங்குகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டதுடன், 1696இல் ஈரோடுடைய உயிர்களின் உடற்கூறு குறித்துத் தனி நூலும் எழுதினார். எனவே, சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் 'பைவால்வியா' என்ற சொல்லை வகைப்பாட்டுப் பெயராக வைத்தபோது, வழக்கிலிருந்த ஒரு பாகுபாட்டையே முறைப்படுத்தினார் என்று கொள்ள வேண்டும்.

லின்னேயஸின் காலத்தில் சிப்பியியல் என்பது பெரும்பாலும் செல்வர் வீட்டுக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கப்பட்ட வெற்று ஓடுகளைப் பற்றிய கல்வியாகவே இருந்தது. உள்ளிருந்த உயிரைக் கழுவி எறிந்துவிட்டு ஓட்டை மட்டும் பாதுகாத்தவர்களின் சேகரிப்புகளைக் கொண்டு வகைப்பாடு செய்தபோது நேரக்கூடிய பிழைகள் யாவும் அவருடைய நூலில் நேர்ந்தன. பூச்சிகளும் முதுகெலும்புடையனவும் அல்லாத விலங்குகள் எல்லாவற்றையும் அவர் 'புழுக்கள்' என்ற ஒரே வகுப்பில் சேர்த்தார். அதனுள் ஓடுடையவற்றை ஓரோடு, ஈரோடு, பல்லோடு என மூன்றாகப் பகுத்தார். பாறையைத் துளைத்து உள்ளே வாழும் ஃபோலாஸ் என்னும் சிப்பிக்கு இரண்டு பேரோடுகளுடன் சிறு துணைத்தகடுகளும் இருப்பதால், அது பார்னக்கிள்களோடும் கைட்டான்களோடும் பல்லோட்டுப் பிரிவுக்குச் சென்றது. மரக்கலங்களின் அடிப்பலகையை அரித்துத் துளைக்கும் டெரிடோ என்னும் கப்பற்புழு உண்மையில் ஈரோட்டுடலியே. அதன் ஓடுகள் தலைப்பக்கத்தில் துளையிடும் கருவியாகச் சுருங்கிவிட, எஞ்சிய உடல் புழுப்போல நீண்டிருக்கும். 1730களில் ஹாலந்து நாட்டுக் கடற்காப்புக் கரைகளின் மரக்கட்டுமானத்தை அது அழித்தபோது, செல்லியஸ் என்ற அறிஞர் 1733இல் வெளியிட்ட நூலிலேயே அது மெல்லுடலி என்று எடுத்துக்காட்டியிருந்தும், லின்னேயஸின் பத்தாம் பதிப்பில் அது மண்புழு, அட்டை ஆகியவற்றின் வரிசையிலேயே வைக்கப்பட்டது. மறுபுறம், ஈரோட்டுடலிகளோடு எவ்வித நெருங்கிய உறவும் இல்லாத பிராக்கியோபோடா என்னும் உயிர்கள், இரண்டு ஓடுகள் இருக்கின்றன என்ற ஒரே காரணத்தால் இப்பிரிவுக்குள் நுழைந்துவிட்டன.

ஓட்டைவிட உயிரே முதன்மையானது என்ற எண்ணம் இதே காலத்தில் வேறிடங்களில் வேரூன்றத் தொடங்கியிருந்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் மிஷெல் அடான்சன், ஆப்பிரிக்காவின் செனகல் கடற்கரையில் தாம் உயிரோடு கண்ட மெல்லுடலிகளை அவற்றின் உடலமைப்பைக் கொண்டு 1757இல் வகைப்படுத்திக் காட்டினார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஜுசெப்பே சவேரியோ பொலி இன்னும் ஒரு படி மேலே சென்றார். இரு சிசிலிகளின் ஓட்டுடலிகளைப் பற்றி 1791 முதல் வெளிவந்த அவருடைய பெருநூலில், ஓட்டுக்கு ஒரு பெயரும் அதனுள் வாழும் உயிருக்கு வேறொரு பெயருமாக இரட்டைப் பெயர்கள் தரப்பட்டன. உயிரின் பெயரோடு தோலைக் குறிக்கும் 'டெர்மா' என்ற கிரேக்கச் சொல்லை ஈற்றில் சேர்த்து ஓட்டின் பெயரை அவர் அமைத்தார். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள் என்னும் இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாததால் கைவிடப்பட்டது. ஆனால் குருதிக்குழாய்கள், நரம்புகள், செவுள்கள் ஆகியவற்றைக் காட்டும் அந்நூலின் படங்கள், அறிஞர்களின் கவனத்தை ஓட்டின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்குத் திருப்பின. பெயரிடுவதில் பொலி தோற்றார் என்றாலும், அவர் தொடங்கி வைத்த பார்வையே அடுத்த நூறாண்டுகளை ஆண்டது.

உட்கூற்றைக் கொண்டு இத்தொகுதிக்குப் பெயர் தேடிய முதல் பெரும் முயற்சி ஜார்ஜ் கியூவியேயுடையது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நார்மண்டிக் கடற்கரையில் ஒரு செல்வர் குடும்பத்தின் ஆசிரியராக வாழ்ந்தபோது கடலுயிர்களை அறுத்து ஆராய்ந்த அவர், 1795இல் லின்னேயஸின் 'புழுக்கள்' வகுப்பைப் பிரித்து, மெல்லுடலிகளைத் தனித் தொகுதியாக்கி, அதனுள் தலைக்காலிகள், வயிற்றுக்காலிகள், தலையிலிகள் என மூன்று பிரிவுகளை அமைத்தார். தலையிலிகள் என்ற பொருள்படும் 'அசெஃபாலா'வே ஈரோட்டுடலிகளுக்கு அவர் தந்த பெயர். தலை இல்லை என்பது உண்மையான அவதானிப்பே. ஆனால் ஒன்று இல்லாமையை அடையாளமாகக் கொண்டு தொகுத்தால், வெவ்வேறு காரணங்களால் அதனை இழந்தவை யாவும் ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிடும். 1817இல் வெளிவந்த அவருடைய விலங்குலகம் பற்றிய நூலில், தலையிலிகளுள் ஓடற்ற பிரிவாக அசிடியன் முதலிய பையுடலிகளும் இடம்பெற்றன. அரை நூற்றாண்டுக்குப் பின், 1866இல், ருஷ்ய ஆய்வாளர் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி அசிடியன்களின் இளவுயிரியில் முதுகுநாண் இருப்பதை மெய்ப்பித்து, அவை சிப்பிகளைவிட முதுகெலும்புடைய விலங்குகளுக்கே நெருங்கியவை என்று காட்டியபோது, தலையிலிகள் என்ற தொகுதி பொருளற்றதாயிற்று. இங்கிலாந்தின் ரே லங்கெஸ்டர் 1883இல் 'தலை குன்றியவை' என்ற பொருளில் 'லிப்போசெஃபாலா' என்றொரு பெயரை முன்மொழிந்து இக்கருத்தைப் புதுப்பிக்க முயன்றார். அதனைப் பின்பற்றியவர்கள் அதிகமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்கால்பகுதி இத்துறையில் பெயர்கள் பெருகிய காலம். லாமார்க் 1818இல் 'ஓடு தாங்கிகள்' என்ற பொருளில் 'காங்கிஃபெரா' என்று பெயரிட்டார். அது பிற்காலத்தில் ஈரோட்டுடலிகள் மட்டுமன்றி நத்தை, கணவாய் முதலியனவும் அடங்கும் பெரும்பிரிவுக்கு உரிய பெயராகப் பொருள் மாறிவிட்டது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோல்ட்ஃபுஸ் 1820இல் கிரேக்க மொழியில் கோடரியைக் குறிக்கும் சொல்லையும் பாதத்தைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துப் 'பெலிசிபோடா' என்ற பெயரை உருவாக்கினார். மணலில் புதையும் மட்டிகளின் பாதத்தைக் கண்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். பக்கவாட்டில் தட்டையான அத்தசையுறுப்பை மட்டி மணலுக்குள் நீட்டி, நுனிக்குக் குருதியைச் செலுத்தி வீங்கச் செய்து நங்கூரமாக ஊன்றிக்கொள்ளும். பின்னர் மூடுதசைகளைச் சட்டெனச் சுருக்கி ஓட்டுக்குள் இருக்கும் நீரைப் பீய்ச்சி, சுற்றியுள்ள மணலை இளக்கியபடி, பாதத்தின் இழுதசைகளால் உடலைக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும். ஆனால் பாறையில் ஒட்டி வாழும் ஆளியின் பாதம் விரல்போல மெலிந்து, உடலைப் பிணைக்கும் பட்டு போன்ற நார்களைச் சுரப்பதற்கே பெரிதும் பயன்படுகிறது. பாறையோடு ஓட்டையே காரையிட்டதுபோல ஒட்டிக்கொள்ளும் உண்ணத்தகு சிப்பிகள், இளவுயிரிப் பருவத்தில் இடம் தேடித் தவழ்வதற்கு மட்டும் பாதத்தைப் பயன்படுத்திவிட்டு, நிலைகொண்ட பின் அதனை முற்றிலும் இழந்துவிடுகின்றன. கோடரிப்பாதம் என்ற பெயருடைய வகுப்பின் மிகப் புகழ்பெற்ற உறுப்பினருக்குப் பாதமே இல்லை என்ற முரண்பாடு அப்பெயரைக் கடைசிவரை விடவில்லை.

'லாமெல்லிபிராங்கியா' இந்தச் சூழலில் பிறந்த பெயர். 1820களின் நடுப்பகுதியில் இதனை வழங்கிய ஆன்ரி டுக்ரோத்தே த பிளான்வில், முதலில் கியூவியேயின் ஆதரவில் வளர்ந்து, பின்னர் அவரோடு கடுமையாகப் பகைத்து, 1832இல் கியூவியே இறந்தபின் அவருடைய ஒப்பீட்டு உடற்கூற்றியல் பேராசிரியர் பதவிக்கே வந்து சேர்ந்தவர். லத்தீனில் மெல்லிய தகட்டைக் குறிக்கும் சொல்லும் செவுளைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து 'தகட்டுச் செவுளிகள்' என்ற பொருளை இப்பெயருக்குத் தருகின்றன. ஓட்டைத் திறந்ததும் மென்போர்வைக்கு அடியில் முதலில் கண்ணில் படுவன, உடலின் இருபுறமும் ஏடுகளைப் போலத் தொங்கும் இச்செவுள்களே. உயிரின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியதும் அதன் வாழ்க்கைமுறையைத் தீர்மானிப்பதும் அவையே என்பதால், அதுவரை முன்மொழியப்பட்ட எல்லாப் பெயர்களைக் காட்டிலும் இது ஆழமான அறிவியற்பெயர் என்று சொல்வதில் தவறில்லை.

அச்செவுளின் இயக்கம் சற்று விரிவாக அறியத்தக்கது. மெல்லுடலிகளின் மூதாதையரிடம் செவுள் என்பது ஒரு நடுத்தண்டின் இருபுறமும் சிறு இழைகள் வரிசையாக அமைந்த, சுவாசத்துக்கு மட்டுமே உதவிய உறுப்பாக இருந்தது. ஈரோட்டுடலிகளில் அவ்விழைகள் மிக நீண்டு, கீழே இறங்கிப் பின் மடங்கி மேலேறி, அடுத்தடுத்த இழைகளோடு இணைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு இரட்டைத் தகடுகளாயின. இழைகளின் பக்கங்களில் உள்ள நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து நீரைத் தகடுகளின் இடைவெளிகள் வழியே ஈர்க்கின்றன. நீரில் மிதக்கும் நுண்பாசிகளும் துகள்களும் இழைகளின் முகப்பில் தங்கிவிட, அங்குள்ள வேறு நுண்மயிர்கள் அவற்றைச் சளியோடு சேர்த்துச் செவுளின் விளிம்பில் உள்ள உணவுப்பள்ளத்துக்குக் கடத்துகின்றன. வாயருகில் இருக்கும் உதட்டு மடல்கள் உண்ணத்தக்கதையும் தகாததையும் பிரித்து, வேண்டாதவற்றைக் கழித்துவிடுகின்றன. சுவாச உறுப்பே உணவு திரட்டும் வடிகட்டியாகவும் மாறிவிட்டதால், இரையைத் தேடி அலையவும், தலையில் கண்ணும் உணர்கொம்பும் கொண்டு உலகை ஆராயவும், பல் வரிசையால் சுரண்டவும் தேவை இல்லாமற் போயிற்று. கியூவியே குறிப்பிட்ட தலையின்மைக்கு விளக்கம் பிளான்வில் சுட்டிய செவுளில் இருக்கிறது. இவ்வகையில் இரு பகைவர்களின் பெயர்களும் ஒரே உண்மையின் இரு பக்கங்களாகின்றன. ஓரிடத்தில் அமர்ந்தபடியே பெரிய சிப்பி ஒன்று மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்ட வல்லது என்பதால், கழிமுகங்களில் நீர் தெளிவாக இருப்பதில் சிப்பிப் படுகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் செவுளைக் கொண்டு பெயரிட்டதோடு நில்லாமல், செவுளைக் கொண்டே உட்பிரிவுகளையும் அமைக்கத் தொடங்கினர். பெல்ஜிய அறிஞர் பால் பெல்செனியர், செவுள் எளிய சீப்பு வடிவில் உள்ளவை, இழைகள் தனித்தனியே தொங்குபவை, இழைகள் திசுவால் இணைந்து முழுத் தகடானவை, செவுளே தடுப்புச் சவ்வாக மாறியவை என்ற வரிசையில் இத்தொகுதியைப் பகுத்தார்; 1906இல் லங்கெஸ்டரின் பதிப்பாண்மையில் அவர் எழுதிய மெல்லுடலிகள் பற்றிய நூல் 'லாமெல்லிபிராங்கியா' என்ற பெயரையே கையாண்டது. அதற்குச் சற்று முன், 1903இல், ரைட்வுட் என்ற ஆங்கில ஆய்வாளர் இவ்வுயிர்களின் செவுளமைப்பைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்ட விரிவான ஆய்வும் இப்பெயரையே தலைப்பில் கொண்டிருந்தது. அமெரிக்காவிலோ வில்லியம் ஹீலி டால் போன்றோர் 'பெலிசிபோடா'வை விரும்பினர். ஒரே உயிரைப் பற்றிய கட்டுரைகள் கடலின் இரு கரைகளிலும் இருவேறு பெயர்களில் வெளிவந்த நிலை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. இது அறிவியலுக்கு எந்தப் பயனும் தராத பிடிவாதமே.

செவுளை அடிப்படையாகக் கொண்ட முறைக்குள் இரண்டு குறைகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. முதலாவது, தகட்டுச் செவுள் இல்லாத ஈரோட்டுடலிகள் இருப்பது. நுக்குலா முதலிய சிற்றினங்களின் செவுள் பழைய சீப்பு வடிவிலேயே இருந்து பெரும்பாலும் சுவாசத்துக்கு மட்டும் உதவுகிறது. அவை வாயருகில் உள்ள மடல்களின் நீண்ட நீட்சிகளைச் சேற்றுக்குள் செலுத்தி உணவைத் துழாவி எடுக்கின்றன. குஸ்பிடேரியா முதலிய ஆழ்கடல் இனங்களில் தகட்டுச் செவுளே மறைந்து, துளைகள் உடைய தசைத்தடுப்பு ஒன்று அவ்விடத்தில் இருக்கிறது. அத்தடுப்பை விசையோடு இயக்கிச் சிறு ஓட்டுக்கணுக்காலிகளை நீரோடு உறிஞ்சி விழுங்கும் இவை, வடிகட்டி உண்ணும் சாதுவான குலத்தில் தோன்றிய ஊனுண்ணிகள். தகட்டுச் செவுளிகள் என்ற பெயரை முழு வகுப்புக்கும் வைத்தால், மிகத் தொன்மையான கிளையும் மிகவும் மாறிப்போன கிளையும் பெயருக்கு வெளியே நிற்கின்றன. தகட்டுச் செவுள் உடையவற்றை மட்டும் குறிக்கும் உட்பிரிவின் பெயராக இதனை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஒரே சொல் சிலருக்கு முழு வகுப்பையும் சிலருக்கு அதன் ஒரு பகுதியையும் குறித்ததால் குழப்பம் கூடிற்று.

இரண்டாவது குறையைச் சுட்டியவர்கள் புதைபடிவ ஆய்வாளர்கள். ஈரோட்டுடலிகளின் வரலாறு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கேம்பிரியக் காலத்தில், ஃபோர்டில்லா, போஜேட்டையா என்னும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓடுகளோடு தொடங்குகிறது. அப்பாறைகளில் செவுளைத் தேடுவது வீண். எஞ்சியிருப்பன ஓடும், அதன் உட்புறத்தில் தசைகள் ஒட்டியிருந்த தழும்புகளும், கீலில் உள்ள பற்களுமே. கீற்பற்கள் என்பன இரண்டு ஓடுகளும் பக்கவாட்டில் நழுவாமல் ஒன்றினுள் ஒன்று பொருந்துவதற்காக அமைந்த மேடுபள்ளங்கள். ஆஸ்திரிய ஆய்வாளர் மெல்கியோர் நோய்மயர் 1883இல் அவற்றின் அமைப்பைக் கொண்டே வகைப்பாடு ஒன்றை உருவாக்கினார். நிலவியலாளர் கீலைக் கொண்டும் விலங்கியலாளர் செவுளைக் கொண்டும் ஒரே குடும்பத்தைப் பிரித்தபோது இரண்டு பிரிவினைகளும் ஒத்துப்போகவில்லை. போதாக்குறைக்கு, இழைகள் முழுத் தகடாக இணையும் மாற்றம் ஒரே பரம்பரையில் ஒருமுறை மட்டும் நிகழாமல் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது என்பதும் தெளிவாகி வந்தது; அவ்வாறாயின் செவுளின் ஒற்றுமை உறவின் சான்றாகாமல், வாழ்க்கைமுறையின் ஒற்றுமையை மட்டுமே காட்டும்.

அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் நார்மன் நியூவெல் 1960களில் ஓட்டின் நுண்ணமைப்பு, கீல், இணைப்புத்தசைநார், செவுள் ஆகிய யாவற்றையும் சேர்த்து நோக்கி ஆறு துணைவகுப்புகள் கொண்ட வகைப்பாட்டை அளித்தார். முதுகெலும்பற்றவற்றின் புதைபடிவங்களைத் தொகுத்துரைக்கும் பன்னாட்டுப் பெருந்தொகுப்பின் இதற்குரிய பகுதி 1969இல் வெளிவந்தபோது, 'பெலிசிபோடா'வும் 'லாமெல்லிபிராங்கியா'வும் விலக்கப்பட்டுப் 'பைவால்வியா' தலைப்பில் ஏறியது. அதுவரை 'பெலிசிபோடா'வையே எழுதிவந்த அமெரிக்கர்களின் முயற்சியில் உருவான தொகுப்பு இம்முடிவை எடுத்ததே வழக்கின் தீர்ப்பாயிற்று. இதில் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு நெறிமுறைத் தொகுப்பு, முதலில் வெளியான பெயருக்கே முதன்மை என்ற விதியை இனம், பேரினம், குடும்பம் ஆகிய நிலைகளுக்கு மட்டுமே விதிக்கிறது. வகுப்பு, வரிசை போன்ற மேல்நிலைப் பெயர்கள் அறிஞர்களின் வழக்கத்துக்கே விடப்பட்டிருக்கின்றன. ஆகவே லின்னேயஸின் பெயர் மூத்தது என்பதால் வென்றதாகக் கருதுவது பொருந்தாது. எல்லா முகாம்களும் விட்டுக்கொடுக்கக்கூடிய பெயராக அது மட்டுமே எஞ்சியதால் வென்றது எனக் கொள்வதே பொருத்தம்.

வென்ற பெயரும் குறையற்றதன்று. பிராக்கியோபோடா உயிர்களுக்கும் ஓடுகள் இரண்டே. ஆனால் அவை இடமும் வலமுமாக அமையாமல் மேலும் கீழுமாக அமைந்திருப்பதால், ஒவ்வோர் ஓட்டையும் தனித்தனியே நடுவில் பிரித்தால் இரண்டு சமபாதிகள் கிடைக்கும். சிப்பியின் ஓட்டில் அத்தகைய சமச்சீர் பொதுவாக இராது. கடற்கரையில் அல்லது பாறையில் கிடைக்கும் ஓடு எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை பெரும்பாலும் போதும். இதைவிடச் சுவையான நிகழ்ச்சி ஜப்பானில் நேர்ந்தது. பாரிஸ் வடிநிலத்தின் பழம்பாறைகளில் கிடைத்த சிற்றோடு ஒன்றுக்கு 1875இல் பெர்த்தெலினியா என்று பெயரிட்டு, அது ஈரோட்டுடலியே என்று ஐயமின்றி வைத்திருந்தனர். 1959இல் ஜப்பானின் உள்நாட்டுக் கடற்கரையில் உள்ள தமானோ என்ற ஊரில் கவாகுத்தி, பாபா என்னும் ஆய்வாளர்கள் காலெர்ப்பா என்னும் பசும்பாசியின்மீது, அப்படிப்பட்ட இரண்டு ஓடுகளைச் சுமந்தபடி உணர்கொம்புகளை நீட்டித் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு நத்தையைக் கண்டு அறிவித்தனர். இளமையில் சுருளோடு ஒன்றுடன் பிறக்கும் அந்நத்தை பின்னர் இரண்டாவது ஓட்டை வளர்த்துக்கொள்கிறது. அச்சுருளின் மிச்சம் இடது ஓட்டின் உச்சியில் இறுதிவரை தெரியும். இரண்டு ஓடுகள் இருப்பதால் மட்டும் ஓர் உயிர் இவ்வகுப்பில் சேராது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இருந்தும் எவரும் இப்போது பெயரை மாற்றக் கோரவில்லை; வகுப்பின் எல்லையை உறவுமுறையும் மரபணு ஆய்வும் வரையறுக்கின்றன என்பதால், அதன் பெயர் இலக்கணம் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து விடுபட்டுவிட்டது.

'லாமெல்லிபிராங்கியா' வகுப்பின் பெயராக வழக்கொழிந்தாலும் அதன் துண்டுகள் அழியவில்லை. இழைகள் திசுவால் முழுமையாக இணைந்த செவுளை இன்றும் 'யூலாமெல்லிபிராங்க்' செவுள் என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். உறவைச் சொல்லாவிட்டாலும் அமைப்பைச் சொல்வதற்கு அச்சொல் தக்கதாகவே இருக்கிறது. இந்தியக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அறுத்துப் பயின்ற நன்னீர் மட்டியின் பேரினப் பெயர் 'லாமெல்லிடென்ஸ்' என்பதைக் கண்டு, அதுவும் செவுளிலிருந்து வந்த பெயர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அப்பெயரில் உள்ள தகடு, கீலில் நீண்டு கிடக்கும் தகட்டு வடிவப் பற்களைக் குறிப்பது.

மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இப்பெயர் மாற்றங்கள் நடைமுறையில் தேவைப்படும் செய்தி. 1902இல் இலங்கைக்கு வந்து அப்படுகைகளை ஆராய்ந்த வில்லியம் ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. அவருக்குத் துணைவராக வந்து, பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், முத்துச்சிப்பியைப் பற்றியும், திருகோணமலையை அடுத்த தம்பலகாமம் ஏரியின் பளிங்குச் சிப்பியைப் பற்றியும் எழுதிய அறிக்கைகள் அதே காலத்தவை. இன்று பிங்க்டாடா என்று வழங்கும் முத்துச்சிப்பி, ஹெர்ட்மனின் அறிக்கையில் மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் என்ற பெயரில் இடம்பெறுகிறது. ஈரோட்டுடலிகள் என்ற முழு வகுப்பும் அக்காலத்து எழுத்துகளில் பழைய பெயர்களிலேயே பேசப்படுகிறது. ஆகவே நூலகப் பட்டியல்களிலும் மின்னூல் தொகுப்புகளிலும் 'பைவால்வியா' என்று மட்டும் தேடுபவருக்கு இவ்வளத்தின் பெரும்பகுதி அகப்படாது. 'லாமெல்லிபிராங்கியா', 'பெலிசிபோடா', 'அசெஃபாலா' ஆகிய பெயர்களையும் சேர்த்தே தேட வேண்டும்.